ஹவில்தார் சொன்ன ‘இல்லீங்க ஐயா’

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு ஆளை யாரென்று விசாரித்தால் பேரைச் சொல்லமாட்டார்கள். எந்த பிளாக், எந்த ஷிப்ட், பெர்மனென்டா கான்ட்ராக்டா என்று மூன்றையும் சொல்லிவிட்டு, அதற்கு மேலும் கேட்டால்தான் பேருக்கு வருவார்கள். குழந்தைவேலுக்கு இந்த மூன்றும் கிடையாது. குவார்ட்டர்ஸ் அவர் மனைவி தனத்தின் பேரில் இருந்தது. அப்பா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் வாரிசு வேலைக்கு வந்து பெர்மனென்ட் ஆனவள் தனம். அப்படியிருந்தும் எங்கள் தெருவில் அது மிலிட்டரிக்காரர் வீடுதான். தபால்காரர் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டால் தனத்தின் முகத்தைப் பார்க்க வேண்டும், சம்பளம் ஏறினால்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள்.

நான் அவர்களுக்குப் பக்கத்து வீடு. குழந்தைவேல் மேல் எனக்குப் பிரியமும் உண்டு, கோபமும் உண்டு. இரண்டையும் மறைக்கப் போவதில்லை.

அவருடைய அப்பா பக்கத்து ஊரான வடக்குத்தில் பண்ணையாள். சுரங்கம் வந்தபோது நிலம் கொடுத்தவர்கள் வீட்டுக்கு வேலை வந்தது. நிலமே இல்லாத வீட்டில் எதைக் கொடுத்து எதை வாங்குவது? அப்பன் வேலை செய்த பண்ணை வீட்டின் பின்வாசலில் குழந்தைவேலும் சின்ன வயதில் நின்றிருக்கிறார், மாட்டுக் கொட்டாய் கூட்டியிருக்கிறார். ‘டேய்’ என்றால் ஓட வேண்டும். இனி எவன் வீட்டுப் பின்வாசலிலும் நிற்பதில்லை என்று வைராக்கியம் வைத்துத்தான் பட்டாளத்துக்குப் போனார். ஹவில்தாராகி, பென்ஷனோடு திரும்பினார்.

காலம் அவருக்கு ஒரு வேடிக்கை காட்டியது. அதே பண்ணை வீட்டுப் பிள்ளை பன்னீர்செல்வம் சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகி, எங்கள் தெருவிலேயே எதிர்வரிசைக்குக் குடிவந்தார். நல்ல மனுஷர். குழந்தைவேலைப் பார்த்த முதல் நாளே எழுந்து நின்று, “வாங்க சார்” என்றார். அன்று மாலை குழந்தைவேல் தெருவில் எத்தனை தடவை மேலும் கீழும் நடந்தார் என்று எனக்குத் தெரியும். அந்த ‘சார்’தான் அவர் வாங்கிய மெடல். மற்ற மெடலெல்லாம் டிரங்குப் பெட்டிக்குள் கிடந்தது.

தெருவே அவருடைய பனிமலைக் கதைகளைக் கேட்டிருக்கிறது. தண்ணீர் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துபோவது, கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போவது, ராத்திரி பூராவும் பங்கரில் உட்கார்ந்திருப்பது எல்லாம் நிஜம்தான். ஆனால் அது அவருடைய சர்வீஸின் முதல் பாதி. அந்தப் பாதியையே இழுத்து நீட்டி முழு சர்வீஸுக்கும் போர்த்திவிட்டிருந்தார். இரண்டாம் பாதியில் அவர் ஒரு கன்டோன்மென்டில் சகாயக். அதாவது, ஓர் அதிகாரிக்கு உதவியாள். அதிகாரியின் சீருடை, ஷூ, ஆயுதம் இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் விதிப்படி வேலை. குழந்தைவேல் பார்த்தது அதிகாரி மனைவி மேம்சாபின் துணி துவைப்பது, இஸ்திரி போடுவது, நாய் குளிப்பாட்டுவது, விருந்தில் தட்டேந்துவது. பின்வாசல் வேண்டாமென்று ஓடிய மனுஷனை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு பின்வாசல் பிடித்துக்கொண்டது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, தனத்திடமும் சொல்லவில்லை.

தெரிந்தது ஒரே ஒருத்தனுக்குத்தான். வடக்குத்தில் அவருடைய தெருக்காரப் பையன் அறிவழகன். “பட்டாளத்துக்கு வாடா, மனுஷனா மதிப்பாங்க” என்று சொல்லிச் சேர வைத்ததே குழந்தைவேல்தான். விதி அவனையும் அதே கன்டோன்மென்டில் பக்கத்து பங்களாவுக்கு சகாயக்காகக் கொண்டுவந்து போட்டது. காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருவரும் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டார்களாம். “ஊர்ல சொல்லிக்காதடா” என்றாராம் அண்ணன். பையன் தலையாட்டியிருக்கிறான்.

இரண்டாயிரத்துப் பதினாறு கோடையில் அறிவழகன் லீவில் வந்திருந்தான். குள்ளஞ்சாவடி கலைச்செல்வன் மகள் தமிழ்நிலாவை அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். தட்டு மாற்றுவதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் எங்கள் பிளாக் நலமன்றத்துக்கு ஒரு எம்.பி. வந்தார். வேறு மாவட்டத்துக்காரர், வயதான வக்கீல். பாதுகாப்புத் துறையைப் பார்க்கும் நாடாளுமன்றக் குழுவில் அவர் உறுப்பினர். முன்னாள் ராணுவத்தினரையும் லீவில் வந்தவர்களையும் குடும்பத்தோடு சந்திக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தார். பன்னீர்செல்வம்தான் மைக்கும் நாற்காலியும் ஏற்பாடு. தனம் பட்டுப்புடவையில் பெண்கள் பக்கம் முதல் வரிசையில் இருந்தாள். நான் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடித்திருந்தேன்.

வந்தவர் மாலையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“ஒரு சிப்பாயை உருவாக்க அரசாங்கம் லட்சக்கணக்கில் செலவு செய்கிறது. அது உங்கள் வரிப்பணம். ஒருபக்கம் ஆள் பற்றாக்குறை, இன்னும் ஆள் வேண்டும், இன்னும் பணம் வேண்டும் என்கிறார்கள். இன்னொரு பக்கம் இருக்கிற ஆளை வீட்டு வேலைக்கு விடுகிறார்கள் என்று புகார் வருகிறது. குழுவில் கேட்டால் அப்படியெல்லாம் இல்லை என்று பதில் வருகிறது. நான் யாரை நம்புவது? அதனால்தான் உங்களையே கேட்க வந்தேன். பேர் வெளியே போகாது. உங்களில் யாரையாவது வீட்டு வேலை செய்ய வைத்ததுண்டா?”

எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தோம். அப்போது பின்வரிசையில் அறிவழகன் எழுந்தான்.

“ஆமாங்க ஐயா. நான் செஞ்சிக்கினு இருக்கன். துணி தோய்க்கறன், நாயி குளிப்பாட்டறன், அவங்க புள்ளைங்கள ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு போறன். துப்பாக்கியத் தொட்டு ரொம்ப நாளாச்சிங்க. கேவலமா இருக்குதுங்க ஐயா. இதுக்காடா ஓடி, தாண்டி, மார்பு அளந்து சேந்தம்னு இருக்குது.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. ‘மிலிட்டரியில போயி துணி தோய்ச்சானாம்’ என்று யாரோ முணுமுணுத்தார்கள். பையனுக்கும் அது கேட்டது. அவன் சிரித்தவர்களைப் பார்க்கவில்லை, குழந்தைவேலைத்தான் பார்த்தான்.

“நான் பொய் சொல்லலீங்க. அண்ணனும் நானும் ஒரே எடத்துலதான் இருந்தம். அண்ணனக் கேளுங்க.”

எல்லாத் தலையும் திரும்பியது. தனத்தின் தலையும்தான். பன்னீர்செல்வம் மைக்கோடு ஓடிவந்து குனிந்து நீட்டினார். “சார், நீங்க சொல்லுங்க சார்.”

குழந்தைவேல் எழுந்து விறைப்பாக நின்றார். பென்ஷன் வந்துகொண்டிருந்தது. எந்த அதிகாரியும் இனி அவரை ஒன்றும் செய்ய முடியாது. பயப்பட வேண்டியவன் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தான், இன்னும் சர்வீஸில் இருப்பவன். அவனே சொல்லிவிட்டான். இவர் ‘ஆமாங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

“இல்லீங்க ஐயா. எங்க யூனிட்ல அப்படி ஒண்ணும் கெடையாது. தம்பி சின்னப் பையன், ஏதோ வருத்தத்துல பேசறான். பெரிசா எடுத்துக்காதீங்க.”

மன்றம் கைதட்டியது. நானும் தட்டினேன். எம்.பி. தன் உதவியாளரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அறிவழகன் உட்காரவில்லை. வாசல் வழியாக வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் கதை வடக்குத்து முழுக்கப் பரவி, பஸ் ஏறிக் குள்ளஞ்சாவடிக்கும் போய்விட்டது. கலைச்செல்வன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். “எம்.பி. முன்னாடியே கூசாமப் பொய் சொல்றவன், நாளைக்கி எம் பொண்ணுகிட்ட என்னா வேணா சொல்லுவான். வேணாம்ங்க, வுட்டுடுங்க.” பையனுடைய அம்மா பாத்திரக் கடையில் கொடுத்திருந்த ஆர்டரைப் போய் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள்.

இந்தச் செய்தியை நான்தான் குழந்தைவேலிடம் சொன்னேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அதன்பிறகு ஆளே மாறிப்போனார். வடக்குத்து வழியாகப் போகும் வேலையென்றால் சுற்றிக்கொண்டு போனார். பனிமலைக் கதையை நிறுத்திவிட்டார். தெருப்பிள்ளைகள் கேட்டால், “அதெல்லாம் எதுக்கு இப்ப?” என்று எரிந்து விழுந்தார். பன்னீர்செல்வம் “சார்” என்று கூப்பிட்டால் காது கேட்காதவர் மாதிரி உள்ளே போய்விடுவார். ஒரு நாள் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். மேம்சாப், நாய், காம்பவுண்டு சுவர், எல்லாம். “நான் ஒரு பொய்யன்ங்க” என்றார். “சின்னப் பையன் தைரியமா எந்திரிச்சி நின்னான். நான் அவன் தலையில கை வச்சி அமுக்கிப் புட்டன்.”

எனக்குக் கோபம் வந்தது. “என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? எம்.பி.கிட்டச் சொல்லுங்க” என்றேன். அன்று மன்றத்தில் எம்.பி.யின் உதவியாளர் கொடுத்துவிட்டுப் போன நம்பருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். அந்தப்பக்கம், “ஓ, நெய்வேலி ஹவில்தாரா! ஐயா உங்களப் பத்தி அடிக்கடி பேசறாருங்க. உங்க மாதிரி மனுஷங்களப் பாத்தாத்தான் நம்பிக்கையா இருக்குதுன்னு சொன்னாரு” என்ற குரல் எனக்கே கேட்டது. “சந்தோஷம்ங்க, ஐயாவக் கேட்டதாச் சொல்லுங்க” என்று குழந்தைவேல் போனை வைத்துவிட்டார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். வேறென்ன செய்வது?

ஆனால் மனசு அவரைச் சும்மா விடவில்லை. அறிவழகனின் லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது வந்து, “காரை எடுங்க, குள்ளஞ்சாவடி வரைக்கும் போவணும்” என்றார். தனமும் புறப்பட்டு நின்றாள். பையனுக்காகச் சிபாரிசு பேசப் போகிறோம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார்.

கலைச்செல்வன் வாசலுக்கே வந்து வரவேற்றார். நாற்காலி துடைத்துப் போட்டார்கள், மோர் வந்தது. குழந்தைவேல் மோரைத் தொடாமல் சொன்னார். “அறிவு சொன்னது நெசந்தாங்க. நானும் அதே வேலைதான் செஞ்சன். அன்னிக்கிப் பொய் சொன்னது நான்.”

கலைச்செல்வன் கையெடுத்துக் கும்பிட்டார். “இந்த மனசு யாருக்கு வரும்ங்க! ஒரு பையனோட கல்யாணத்துக்காவப் பழிய உங்க தலையில தூக்கிப் போட்டுக்கறீங்களே.”

“இல்லீங்க, மெய்யாலுமே...”

“போதும்ங்க. நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு.”

அவர் சொல்லச் சொல்ல மரியாதை கூடிக்கொண்டே போனது. பலகாரத் தட்டு வேறு வந்துவிட்டது. பொய்யை ஒரே வார்த்தையில் நம்பிய உலகம், நிஜத்தைக் கெஞ்சிச் சொன்னாலும் நம்பவில்லை. குழந்தைவேல் என்னைப் பார்த்தார். நான் சொன்னால் மட்டும் நம்பிவிடப் போகிறார்களா என்ன?

அப்போது தனம் வாயைத் திறந்தாள்.

“அவரு சொல்றது நெசந்தாங்க. எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்.”

குழந்தைவேல் சட்டென்று திரும்பினார்.

“லீவுல வந்தா எந்துணியெல்லாம் இவருதான் மடிப்பாரு. ஜாக்கெட்டுக்கு ஊக்கு ஒண்ணு வுட்டு ஒண்ணு மாட்டி, கையி ரெண்டையும் உள்ள தள்ளி, கசங்காம அடுக்குவாரு. பொடவைக்கி நடுவுல பேப்பரு வச்சி மடிப்பாரு. எந்தப் பார்டர்லங்க ஜாக்கெட்டு மடிக்கச் சொல்லிக் குடுப்பாங்க? பாத்த மொதல் நாளே எனக்குப் புரிஞ்சிபோச்சி. அவராச் சொல்லட்டும்னு இருந்தன்.”

உள்ளே இருந்த தமிழ்நிலா கதவோரம் வந்து நின்றாள். கலைச்செல்வன் தட்டை ஓரமாக நகர்த்திவிட்டு மெதுவாகக் கேட்டார். “அப்ப அன்னிக்கி ஏன்ங்க சொல்லல?”

குழந்தைவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “எங்கப்பன் பண்ணையாளா இருந்த வூட்டுப் புள்ள பன்னீர்செல்வம் மைக்க நீட்டி, சார்னு கூப்புட்டாருங்க.”

அந்த வீட்டில் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. கலைச்செல்வனின் அப்பாவும் யாரோ ஒருவர் பண்ணையில் பின்வாசலில் நின்றவர்தான். “பையன வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்” என்றார்.

திரும்பும்போது காரில் குழந்தைவேல் தனத்திடம் கேட்டார். “தெரிஞ்சிக்கினே ஏன் கேக்காம இருந்த?”

“நீங்கதான் அதக் கேவலம்னு நெனச்சீங்க. நான் நெனைக்கல. அப்பா போனப்புறம் எனக்கு வேல வர்ற வரைக்கும் எங்கம்மா நாலு வூட்ல பாத்திரம் தேய்ச்சித்தான் என்ன வளத்துச்சி.”

நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன். பின்சீட்டில் அவர் அழுகிற சத்தம் கேட்டது. வீட்டில் யாருக்குத் தெரியக்கூடாதென்று மறைத்தாரோ அவளுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை. அந்தப் பொய்யால் ஒருத்தன் வாழ்க்கை கெட்டதுதான் மிச்சம்.

நேராக வடக்குத்துக்குப் போனோம். அறிவழகன் டிரங்குப் பெட்டிக்குப் பூட்டு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு நாள் இருந்தும் அன்றைக்கே புறப்படுகிறான். ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. குழந்தைவேல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததையெல்லாம் சொன்னார். “மாமனாரு வரச் சொல்லிட்டாருடா. எல்லாம் சரியாப் போயிடும்.”

பையன் கையை உதறவில்லை. மெதுவாக எடுத்துக்கொண்டான். “நான் சொன்னப்ப நம்பாதவங்க, நீங்க சொன்னா நம்பறாங்க. அந்த வூட்ல போயி எப்படிண்ணா சோறு திம்பன்? வேணாம்.”

“நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்றன்டா. எம்.பி.கிட்டகூடச் சொல்றன்.”

“அன்னிக்கி அவரே வந்து கேட்டாரு. இனிமே யாருண்ணா வந்து கேக்கப் போறா?”

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னான். பெட்டியைத் தூக்கக் குழந்தைவேல் குனிந்தார். “வுடுங்கண்ணா. நான் தூக்கிக்கறன், பழக்கந்தான்” என்று அவனே தோளில் ஏற்றிக்கொண்டான். டவுன்ஷிப் முகப்பு ஆர்ச் கேட் ஸ்டாப்பில் சென்னை பஸ் ஏற்றிவிட்டோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவன் எனக்கும் தனத்துக்கும் கை காட்டினான். பையன் அங்கே போய் மறுபடியும் அதே நாயைத்தான் குளிப்பாட்டப் போகிறான்.

எம்.பி.யிடம் சொல்கிறேன் என்றது பேச்சோடு நின்றது. அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மழைக்காலக் கூட்டத்தொடர் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், பன்னீர்செல்வம் ஜாங்கிரிப் பொட்டலத்தோடு தெருவைத் தாண்டி ஓடிவந்தார். “சார்! டி.வி.யப் போடுங்க சார்! ஒங்களப் பத்தித்தான் பார்லிமென்ட்ல பேசிக்கினு இருக்காங்க!” சத்தம் கேட்டு நானும் போய் நின்றேன். வாசலில் அக்கம்பக்கமெல்லாம் கூடிவிட்டது.

திரையில் அந்த வயதான வக்கீல் நின்றுகொண்டிருந்தார். ராணுவத்துக்குக் கேட்கும் பணத்தைப் பற்றிய விவாதம். ஆள் எண்ணிக்கை, சம்பளம், பென்ஷன் என்று எல்லாம் பேசிவிட்டு இதற்கு வந்தார். “வீட்டு வேலைப் புகாரை நானும் நம்பித்தான் போனேன். நெய்வேலியில் ஒரு முன்னாள் ஹவில்தார் மக்கள் முன்னிலையில் எழுந்து நின்று, எங்கள் யூனிட்டில் அப்படி எதுவும் இல்லை என்றார். ஒன்றிரண்டு இளைஞர்களின் மனக்குறையை வைத்துக்கொண்டு படையையே நாம் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த நேர்மையான வீரருக்கு இந்த அவையின் சார்பில் நன்றி.” மேஜைகளைத் தட்டினார்கள். எங்கள் தெருவும் கைதட்டியது. இந்தத் தடவை நான் தட்டவில்லை.

பன்னீர்செல்வம் ஒரு ஜாங்கிரியை எடுத்துத் தன் கையாலேயே குழந்தைவேலின் வாயில் வைத்தார். அவர் அதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கண்ணில் நீர் வழிய நின்றார். ஆனந்தக் கண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். கூட்டம் கலைந்ததும் தனம் டி.வி.யை நிறுத்தினாள். அலமாரியிலிருந்து அவருடைய போனை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

“அறிவுக்குப் போன் போடுங்க. நீங்க சொன்னத பார்லிமென்ட்லயே சொல்லிட்டாங்கன்னு நீங்களே சொல்லுங்க.”

அவர் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் புறப்பட்டு வரும்போதும் அது அவர் கையிலேயே இருந்தது.